மாநகராட்சித் தேர்தல்: சதுப்பு நிலத்துக்காக நிற்பவருக்கு வெளிப்படையாக ஆதரவு தரலாமா?

வேளச்சேரிக்காரி எழுதியது:

வணக்கம். சென்னை வேளச்சேரியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிற பக்கம் இருக்கிறோம். எங்கள் தெருக்களின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நிற்பவர்களில் ஒருவரைப் பேர் சொல்லி ஆதரிக்கலாமா என்று சங்கத்துக்குள் பெரிய பேச்சு ஓடுகிறது. சாதி, கட்சி எதுவும் பார்க்காமல், வெள்ளம், வெயில், சதுப்பு நிலம், குப்பை இதில் அவர் என்ன செய்வார் என்பதை மட்டும் வைத்து ஆதரிப்பது. இதுவரை எங்கள் சங்கம் எந்தத் தேர்தலிலும் யாருக்கும் ஓட்டுக் கேட்டதில்லை.

2015 டிசம்பரில் தரைத்தளம் முழுக்க மூழ்கியது. நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மழை என்றார்கள், நாங்களும் நம்பினோம். எட்டே வருஷத்தில், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்தது. எதிர்வீட்டு அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள் அது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பிளாஸ்டிக் டிரம் இரண்டைக் கட்டி மேலே கதவுப் பலகை போட்டு, பையன்கள் நான்கு பேர் கழுத்தளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டுதான் மெயின் ரோடு வரை கொண்டுபோனார்கள். அதன்பிறகு எங்கள் தெருவில் வானிலை அறிக்கையை யாரும் சாதாரணமாகக் கேட்பதில்லை.

வேட்பாளர்கள் வருகிறார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றேதான்: வடிகால் கட்டித் தருகிறேன், மரக்கன்று நடுகிறேன், பூங்கா அமைக்கிறேன். வடிகால் எங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதில் போகிற தண்ணீர் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டுப் பக்கம் கடலில் சேர வேண்டும். சதுப்பு நிலத்தில் இடமே இல்லையென்றால் வடிகாலில் தண்ணீர் எதிர்த்திசையில் வருகிறது. நாங்கள் கண்ணால் பார்த்தது இது.

இப்போது இரண்டு பேர் மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. ஒருவர் சுயேச்சையாக நிற்கப்போகிற பெண். எங்கள் பக்கத்துக் குளத்தை அளந்து, பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, மாநகராட்சிக்கு மனு மேல் மனு போட்டவர். இன்னொருவர் ஒரு பெரிய கட்சிக்காரர். விஷயம் தெரிந்தவர், ஆனால் கட்சியை மீறிப் பேசுவாரா என்று தெரியவில்லை.

சங்கத்தில் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "நாம் ஒருத்தருக்குச் சொல்லி, இன்னொருத்தர் ஜெயித்துவிட்டால், கோடையில் நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருமா அம்மா?" நியாயமான பயம். ஆனால் எல்லாரிடமும் நல்ல பேர் வாங்கியே இத்தனை வருஷம் ஓட்டினோம். அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்பது என் எண்ணம்.

இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஆதரிக்கலாமா? ஆதரித்தால் எப்படி?

தாம்பரம் வக்கீல்:

ஆதரிக்கலாம். குடிமகனாக உங்களுக்கு அந்த உரிமை முழுதாக இருக்கிறது. ஆனால் சங்கத்தின் பேரில் செய்யாதீர்கள். முதலில் உங்கள் துணைவிதிகளை எடுத்துப் படியுங்கள். 1975-ஆம் வருஷச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான பெரும்பாலான நலச் சங்கங்கள் "அரசியல் சார்பற்றது" என்று தாங்களே எழுதி வைத்திருக்கும். லெட்டர்பேடில் ஆதரவுக் கடிதம் அடித்தால், தோற்றவர் பக்கத்து உறுப்பினர் ஒருவர் மாவட்டப் பதிவாளருக்கு மனு எழுதுவார். அந்தத் தலைவலி எதற்கு? உறுப்பினர்கள் தனித்தனியாக, சொந்தப் பேரில் கையெழுத்துப் போட்டு ஓர் அறிக்கை வெளியிடுங்கள். சங்கத்தின் பணம், அறை, வாட்ஸ்ஆப் குழு எதையும் இதற்குத் தொடாதீர்கள்.

அடுத்தது செலவு. பாரதிய நியாய சன்ஹிதாவில் 176-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த 171-எச் தான் அது. வேட்பாளர் எழுத்தில் அனுமதி தராமல், அவரை ஜெயிக்கவைக்கக் கூட்டம் போடுவதற்கோ, நோட்டீஸ், விளம்பரம் அடிப்பதற்கோ வேறொருவர் செலவு செய்தால் குற்றம். அபராதம் 10,000 ரூபாய் வரை. அதனால் நோட்டீஸ் அடிக்கிற எண்ணம் இருந்தால் அவரிடம் எழுதி வாங்குங்கள். செலவையும் அவர் கணக்கில் காட்டச் சொல்லுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பேரும் முகவரியும் நோட்டீஸில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

சங்கமாக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்வித்தாளை அனுப்பி, வந்த பதிலை ஒரு வார்த்தை மாற்றாமல் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பதில் தராதவர் பேருக்கு நேரே காலியாக விடுங்கள். அது யாருக்கும் ஓட்டுக் கேட்பது ஆகாது. வேட்புமனுவோடு தருகிற பிரமாணப் பத்திரத்தில் சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் இருக்கும். சுற்றுச்சூழல் பற்றி ஒரு வரி இருக்காது. அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எண்ணூர் கழிமுகம்:

அக்கா, நான் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் மீன்பிடிக் குடும்பம். நீங்கள் தென்சென்னை, நாங்கள் வடசென்னை. தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே நாளில்தான் வந்தது. உங்களுக்கு மழைத்தண்ணீர். எங்களுக்கு மழைத்தண்ணீரோடு எண்ணெய்.

அந்த மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் ஆற்றில் இறங்கி, கழிமுகம் முழுக்கக் கறுப்பாகத் திரண்டு நின்றது. ஆரம்ப நாட்களில் கையுறைகூட இல்லாமல் எங்கள் ஆட்கள் படகில் போய், குவளையால் மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி வேர், எல்லாவற்றிலும் தார் பூசினாற்போலப் படிந்தது. கூழைக்கடாக்கள் இறக்கை ஒட்டிப் பறக்க முடியாமல் நின்றன. மடவை, இறால், நண்டு, எதைக் கொண்டுபோனாலும் "எண்ணூர் மீனா, வேண்டாம்" என்று வியாபாரி திருப்பினார். மண்ணெண்ணெய் போட்டு வலையைக் கழுவினோம். வலைதான் இற்றுப்போனது, வாடை போகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாக் கட்சி வேட்பாளரும் எங்கள் குப்பத்துக்கு வந்திருக்கிறார்கள். டீசல் மானியம், வலை பின்னும் கூடம், கோயிலுக்குச் சுற்றுச்சுவர், எல்லாம் சொல்வார்கள். சிலதைச் செய்தும் கொடுத்திருக்கிறார்கள். மரம் நடுவேன் என்று சொல்லாத வேட்பாளரே கிடையாது அக்கா. அதனால் "என்ன செய்வீர்கள்" என்று கேட்காதீர்கள். "எதை வேண்டாம் என்று சொல்வீர்கள், இதுவரை எதை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். அந்த இடத்தில்தான் ஆள் தெரியும். மரம் நட்டால் யாருக்கும் கோபம் வராது. ஒரு கட்டடத்தை, ஓர் உலையை, அனல்மின் நிலையத்தின் ஒரு சாம்பல் குழாயை வேண்டாம் என்றால் பணம் உள்ளவனுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தைத் தாங்குகிறவருக்குத்தான் நாம் தெருவில் இறங்கி ஓட்டுக் கேட்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பெரிய தொழில், மின் திட்டங்கள் பலவற்றுக்கு 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். கலெக்டரோ அவர் அனுப்புகிற அதிகாரியோ தலைமை. வீடியோ எடுப்பார்கள். யார் எழுந்து என்ன பேசினார் என்று குறிப்பில் ஏறும். 2024 டிசம்பரில் எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கு எர்ணாவூரில் கூட்டம் நடந்தது. உட்கார்ந்திருந்து கேட்டோம். யார் மைக்கைப் பிடித்து எதிர்த்துப் பேசினார், யார் "வேலைவாய்ப்பு வரும்" என்றார், யார் முன்வரிசையில் முகத்தைக் காட்டிவிட்டு நடுவில் கிளம்பினார் என்பது எங்கள் குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். வாக்குறுதியைவிட அது பத்து மடங்கு நம்பகமானது.

கவுன்சிலராக இருந்தவர் மறுபடி நிற்கிறார் என்றால் மாமன்றக் கூட்டக் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வேண்டாம் என்று 2025-ல் மக்கள் மனிதச் சங்கிலி நின்றார்கள். வடசென்னை வார்டுகளில் அடுத்த தேர்தலில் முதல் கேள்வி அதுதான்: அந்த உலைக்கு மாமன்றத்தில் கை தூக்கினீர்களா, இல்லையா?

இன்னொன்று. உங்கள் மூத்தவர் தண்ணீர் லாரி பற்றிப் பயப்படுவது புரிகிறது. எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் நாற்பது ஐம்பது பேர் பேர் போட்டுக் கையெழுத்திட்டால் பழிவாங்குவது சுலபம் இல்லை. ஒருத்தர், இரண்டு பேர் என்றால்தான் ஆபத்து. ஆள் சேர்த்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

கூயோங் வாக்காளர்:

ஆஸ்திரேலியா மெல்போர்னிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் மடிப்பாக்கம், அம்மா அப்பா இன்னும் அங்கேதான். அதனால் சகோதரி கேட்ட கேள்வி எனக்கு இரண்டு பக்கமும் பழக்கம்.

2022 மே 21-ல் நடந்த தேசியத் தேர்தலில் எங்கள் கூயோங் தொகுதியில், அன்றைய நிதியமைச்சர் ஜாஷ் ஃப்ரைடன்பர்க்கை எதிர்த்துக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் மோனிக் ரயன் சுயேச்சையாக நின்றார். காலநிலைதான் முதல் முழக்கம். அவர் ஜெயித்தார். அதே நாளில் சிட்னி, மெல்போர்ன், பெர்த் நகரங்களின் வசதியான தொகுதிகளில் இப்படிப்பட்ட புதிய பெண் சுயேச்சைகள் ஆறு பேர் ஜெயித்தார்கள். நீல-பச்சை நிறச் சட்டையோடு நானும் வீடு வீடாகப் போனேன். இவர்களில் பலருக்கு கிளைமேட் 200 என்ற அமைப்பு நிதி திரட்டிக் கொடுத்தது. ஆனால் வேட்பாளரை அந்த அமைப்பு தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தது உள்ளூர்க்காரர்கள்.

இந்த முறை தொடங்கியது விக்டோரியா மாநிலத்தின் கிராமப்புறத் தொகுதியான இண்டையில். கேத்தி மெக்கோவன் 2013-ல் அங்கே ஜெயிப்பதற்கு முன்னால், வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து "நம் தொகுதிக்கு என்ன வேண்டும்" என்று பேசுகிற கூட்டங்களை நிறைய நடத்தினார்கள். அதில் வந்ததைத் தொகுத்த பிறகுதான் வேட்பாளர் வந்தார். நீங்கள் அதை மொட்டைமாடியில் செய்யலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூயோங்கில் முதல் விருப்ப வாக்குகளில் முன்னால் இருந்தவர் ஃப்ரைடன்பர்க்தான். அவருக்குச் சுமார் 43 சதவீதம், மோனிக் ரயனுக்குச் சுமார் 40. இங்கே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று எல்லாருக்கும் எண் போட வேண்டும். பின்தங்கியவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய அடுத்த விருப்பத்தை மாற்றி எண்ணுவார்கள். தொழிற்கட்சிக்கும் பசுமைக் கட்சிக்கும் போட்டவர்களின் அடுத்த விருப்பம் ரயனுக்கு வந்ததால்தான் அவர் ஜெயித்தார். இதே வாக்கு வேளச்சேரியில் விழுந்திருந்தால் அவர் தோற்றிருப்பார். நம் ஊரில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினவருக்கே வெற்றி. நல்ல சுயேச்சைக்குப் போகிற ஓட்டு, சுமாரான ஒருவரைத் தோற்கடித்து மோசமான ஒருவரை உட்கார வைக்கலாம். எனவே இங்கே நடந்ததை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்பதையும் அளந்து சொல்கிறேன். 2022-ல் வந்த காலநிலைச் சட்டம், 2005-ஆம் வருஷ அளவிலிருந்து 2030-க்குள் உமிழ்வை 43 சதவீதம் குறைப்பதை இலக்காக வைத்தது. சுயேச்சைகள் அதைவிட அதிகம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஆனால் 43 என்பது குறைந்தபட்சம், அதற்குமேல் போகத் தடையில்லை என்று சட்டத்தில் தெளிவாக வரவைத்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் பத்து வருஷம் அதுகூட இல்லாமல் சண்டை மட்டுமே நடந்தது.

என் யோசனை: கட்சிக்காரருக்கும் சுயேச்சைக்கும் ஒரே உறுதிமொழியைக் கொடுங்கள். சுயேச்சை கையெழுத்திட்டால், கட்சிக்காரரும் போட வேண்டிய நெருக்கடி வரும். உங்கள் ஆதரவின் பலம் அங்கேதான். ஆதரவை மனு வாபஸ் முடிந்த பிறகு அறிவியுங்கள். அதற்குள் யார் நிஜமாகக் களத்தில் இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

பெரும்பாக்கம்வாசி:

அக்கா, உங்கள் பட்டியலில் "சதுப்பு நில ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும்" என்று ஒரு வரி நிச்சயம் வரும். அதைப் படித்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். எங்களை அடையாறு, கூவம் கரையில் "ஆக்கிரமிப்பு" என்று சொல்லித்தான் இடித்தார்கள். இடித்துக் கொண்டுவந்து போட்டது எங்கே? பெரும்பாக்கம். இதுவும் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான இடம்தான். மழை வந்தால் கீழே தண்ணீர், மேலே கரண்ட் கட். எட்டு மாடிக்கும் லிஃப்ட் நின்றுவிடும். குடத்தைத் தூக்கிக்கொண்டு கிழவிகள் படி ஏறுவார்கள்.

கண்ணாடிக் கட்டடங்களும் சதுப்பு நிலத்தின் மேல்தான் நிற்கின்றன. அவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. வேட்பாளரிடம் கேட்டால் இப்படிக் கேளுங்கள்: மறுவாழ்வுக்கு இடம் எங்கே, யாரைக் கேட்டு முடிவு செய்வீர்கள், புதிதாக யாரையும் தாழ்வான இடத்தில் குடியேற்ற மாட்டோம் என்று சொல்வீர்களா? இதற்குப் பதில் சொல்லாதவருக்கு நீங்கள் பச்சைக்கொடி காட்டினால் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கையெழுத்தும் வராது. கேட்டால் நாங்களும் வருகிறோம். இங்கே ஓட்டு நிறைய இருக்கிறது.

வேளச்சேரிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மொட்டைமாடியில் உட்கார்ந்து இந்தப் பதில்களைச் சத்தமாகப் படித்தோம். பெரும்பாக்கம் தம்பி எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் வரைவில் அந்த வரி இருந்தது. எடுத்துவிட்டு அவர் கேட்ட கேள்விகளையே வைத்திருக்கிறோம். எங்கள் வார்டு இல்லையென்றாலும் தண்ணீர் ஒன்றுதான், அதனால் அவர்களும் தங்கள் பக்கத்து வேட்பாளர்களிடம் இதே தாளைக் கொடுப்பார்கள் என்று பேசியிருக்கிறோம்.

முடிவு இது. சங்கம் கேள்வித்தாளை மட்டும் அனுப்பும். ஆதரவு அறிக்கை தனிநபர்கள் பேரில் வரும். கவுன்சிலர் கையில் இல்லாததைக் கேட்டு அவர் தப்பிக்க வழி கொடுக்கக்கூடாது என்று தீர்மானித்தோம். நாடு 2070-க்குள் கார்பன் உமிழ்வு நிகர பூஜ்ஜியம் என்கிறது, மாநகராட்சி 2023-ல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் 2050 என்கிறது. அதில் எது சரி என்று வார்டு வேட்பாளரிடம் கேட்டு என்ன பயன்? அடுக்குமாடிக்குத் திட்ட அனுமதியும் அவர் தருவதில்லை. ஆனால் பெருங்குடி குப்பைமேடு மாநகராட்சியின் கையில்தான் இருக்கிறது, அதுவும் சதுப்பு நிலத்தின் மேலேயே இருக்கிறது. பழைய குப்பையைக் கிளறிப் பிரித்து மீட்கிற நிலத்தைச் சதுப்பு நிலமாகவே திருப்பித் தர வேண்டும், அதில் பூங்கா, கட்டடம் எது வந்தாலும் மாமன்றத்தில் எதிர்த்துப் பேசி எதிர்த்தே ஓட்டுப் போடுவேன் என்று எழுதித் தர வேண்டும். எங்கள் முதல் கேள்வி அது. எண்ணூர் தம்பி சொன்னபடி "வேண்டாம்" என்று சொல்லவைக்கிற கேள்வி.

இரண்டாவது, பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. எல்லை வரையறை முடியும்வரை சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2025-ல் சொன்னது. அந்தச் சுற்றளவுக்குள் வார்டில் மண் கொட்டுகிற லாரியைப் பார்த்தால் அன்றே எழுத்தில் புகார் தருவீர்களா, அதன் நகலை எங்களுக்குத் தருவீர்களா? மூன்றாவது, வருஷத்துக்கு நாலு முறை பகுதி சபா, அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடுகிற கூட்டம், கூட்டி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நடக்கிற கூட்டத்தில் வடிகால் தூர்வாரிய கணக்கை வைப்பீர்களா? வெயிலுக்கும் ஒன்று சேர்த்திருக்கிறோம்: துப்புரவுப் பணியாளர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் மதிய நேர வேலை இல்லாமல் நேரத்தை மாற்றக் கேட்பீர்களா?

சுயேச்சைப் பெண்மணி எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். கட்சிக்காரர் பெருங்குடி தவிர மற்றதுக்கெல்லாம் சரி என்றார். பெருங்குடி கேள்விக்கு "தலைமையைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றிருக்கிறார். மனு வாபஸ் நாள் மாலை வரை அவருக்கு நேரம் கொடுத்திருக்கிறோம். அவரும் கையெழுத்திட்டால் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு, பேர் சொல்லாமல் விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. குளத்துக்காக வருஷக்கணக்கில் தனியாக அலைந்தவரையும், தேர்தல் வந்ததும் கையெழுத்திட்டவரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஓட்டுப் பிரியும் என்கிற கணக்கைக் கூயோங் அண்ணன் சொன்னது புரிகிறது, அதையும் யோசித்துவிட்டேன். என் கையெழுத்து அந்தப் பெண்ணுக்குத்தான். நேற்று இரவு வரை முப்பத்தெட்டுப் பேர் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் லாரி பற்றிக் கேட்ட மூத்தவர் இன்னும் போடவில்லை. நாளை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன்.

வக்கீல் ஐயா, நோட்டீஸுக்கு அவரிடம் எழுதி வாங்க வேண்டிய அனுமதியின் வாசகம் எப்படி இருக்க வேண்டும்? வெள்ளைத்தாள் போதுமா, முத்திரைத்தாள் வேண்டுமா?

தாம்பரம் வக்கீல்:

வெள்ளைத்தாள் போதும் அம்மா. வேட்பாளர் பேர், வார்டு எண், எத்தனை நோட்டீஸ், உத்தேசச் செலவு, யார் செலவு செய்கிறார், தேதி, கையெழுத்து. இரண்டு நகல் எடுத்து ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம். அச்சகத்தில் கொடுப்பதற்கு முன் தேதியிட்டு வாங்குங்கள், பிறகு வாங்குவது செல்லாது என்று தகராறு வரும். பில்லைத் தொலைக்காதீர்கள்.